பொதிகைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

‘பொதிகை மலைத் தண்ணீர் மூலிகை வேர்களில் ஊறி வருவது, ஓடும் நீரில் கிருமி தங்காது, கலங்கியிருந்தால் தேற்றாங்கொட்டை போதும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

ஓட்டம் கிருமியைக் கொல்வதில்லை. கீழே கொண்டுவந்து சேர்க்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் யானையும் மிளாவும் குரங்கும் இறங்கும் ஓடைகள்தாம் இவை. விலங்குகளின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், மலம் கலந்தால் வயிற்றுப்போக்கு. பாபநாசத்தில் குளிப்பவர்களின் சோப்பும், பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகளும் வேறு. மூலிகை பாவம், எதைத்தான் சமாளிக்கும்?

தேற்றாங்கொட்டையைப் பழிக்கவில்லை. மண்பானையின் உட்புறத்தில் அதை உரசித் தண்ணீர் ஊற்றிவைத்தால் சேறு திரண்டு அடியில் படிந்துவிடும். கூடவே கிருமிகளில் ஒரு பங்கும் இறங்கும்; எல்லாம் இறங்காது. ஆகவே தெளிந்ததைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் 3 நிமிடம். பொதிகையிலேயே உயரமான அகத்தியமலை உச்சியே 1,868 மீட்டர்தான். குளோரின் மாத்திரை போடுகிறவர்களும் முதலில் தெளியவைத்துவிடுங்கள், கலங்கல் நீரில் அதன் வேகம் குறையும். காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது. மலையேறுகிறவர்கள் வீட்டிலேயே கொதிக்கவைத்து எடுத்துச் செல்லுங்கள்.