மலிவு மலேசியா

“விசாவே வேண்டாம் மாப்பிள்ளை, திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர்” என்று மைத்துனர் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டிக்கெட் விலை பார்ப்பதுதான் எனக்கு வேலை.

பிப்ரவரியில் மலிவுதான். ஆனால் பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். அது விமானக் கம்பெனிக்காரர்களுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது. சரி, விளம்பர விலையில் ஒன்று மாட்டியதே என்று உள்ளே போனால், கைப்பை 7 கிலோ மட்டும். பெட்டிக்குத் தனிக் காசு, சோற்றுக்குத் தனிக் காசு, நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவும் தனிக் காசு! ஆறு வயதுப் பையனை வேறு வரிசையில் விட்டுவிட்டு நான் எப்படிக் கண்ணை மூடுவது? அரை டிக்கெட்டும் கிடையாது. அதெல்லாம் நம் ஊர் பஸ்ஸோடு சரி.

அப்புறம் பாஸ்போர்ட். பிள்ளைகளுக்கு 5 வருஷம்தான் செல்லும். மகளுடையது செப்டம்பரில் முடிகிறது; போய் இறங்கும்போது 6 மாதமாவது மீதி இருக்க வேண்டுமாம். மறுபடி 1,000 ரூபாய், மறுபடி அலைச்சல்.

ஓட்டலில் நாலு பேர் என்றதும் இரண்டு அறை எடுக்கச் சொல்கிறார்கள். அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வேறு, அதுவும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்.

நேற்று மைத்துனர் போன் செய்தார், வரும்போது கோடாலித் தைலம் நாலு பாட்டில் வேண்டுமாம். 7 கிலோவில் அதை எங்கே வைப்பது என்று அவரையே கேட்க வேண்டும்.