எழுபது கிலோக்காரர்களுக்கு இனி எந்தப் படகு?

லைட்வெயிட் ரோயிங்கை, அதாவது எடை வரம்பு வைத்து நடத்தும் துடுப்புப் படகுப் போட்டியை, ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை. நம் பக்கம் ஒரு பெட்டிச் செய்தி வந்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி, பாரிஸுக்குக் கிழக்கே வேர்-சுர்-மார்ன் என்ற இடத்தில், ஆண்கள் டபுள் ஸ்கல்ஸில் (இருவர் படகு) அயர்லாந்தின் ஃபின்டன் மெக்கார்த்தியும் பால் ஓ'டோனவனும் தங்கம் வாங்கினார்கள். பெண்களில் பிரிட்டனின் எமிலி கிரெய்க், இமோஜென் கிராண்ட். அத்தோடு கடையைச் சாத்தியாகிவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் லைட்வெயிட் இல்லை. கடற்கரையில் நடக்கும் பீச் ஸ்பிரிண்ட் என்ற புதுப் போட்டி உள்ளே வருகிறது.

கிரிக்கெட் பற்றி எழுதினால் நானூறு லைக் விழும் இடத்தில் இதை எழுதுகிறேன் என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம்மை மாதிரி உடம்புவாகு உள்ள நாடுகளுக்கு ஒலிம்பிக் தண்ணீரில் இருந்த நியாயமான கதவு இதுதான். அது மூடப்பட்டதில் நம் ஆட்களே வருத்தப்படவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆண்களில் ஒருவர் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது. படகில் இருப்பவர்களின் சராசரி 70ஐத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு 59, சராசரி 57. டபுள் ஸ்கல்ஸ் என்றால் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு, 2,000 மீட்டர். ஆக, ஆண்கள் இருவருக்கும் சேர்த்து 140 கிலோ. ஒருவர் 72 என்றால் மற்றவர் 68க்குள் வந்தாக வேண்டும். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னாலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் வரைக்குள், போட்டி உடையோடு தராசில் ஏறிக் காட்ட வேண்டும். ஹீட்ஸ் என்ற முதல் சுற்று அன்றைக்கு ஒரு தடவை காட்டினால் முடிந்தது என்று இல்லை. ரெபசாஜ் (மறுவாய்ப்புச் சுற்று), அரையிறுதி, இறுதி என்று போட்டி இருக்கும் ஒவ்வொரு நாளும் இதே கூத்துதான். உங்கள் கூட்டாளி முந்தின நாள் ராத்திரி ஒரு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டால் அது உங்கள் தலையில் விடியும். இப்படிப்பட்ட சிக்கல் மல்யுத்தக்காரருக்குக்கூடக் கிடையாது.

இதெல்லாம் எதற்கு, உயரமானவன்தான் கூடைப்பந்திலும் ஜெயிக்கிறான், அதற்கு யாராவது தனிப் பிரிவு வைத்தார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ரோயிங்கில் எடை செய்யும் வேலை வேறு. ஓட்டப்பந்தயத்தில் கனமான உடம்பை ஓடுபவரே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; அதனால்தான் மாரத்தான்காரர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள். படகில் அந்தக் கனத்தைத் தண்ணீர் சுமக்கிறது. 95 கிலோ ஆள் உட்கார்ந்தால் படகு கொஞ்சம் கூடுதலாக அமுங்கும், உராய்வு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அவருடைய நீளக் கையும் காலும் பெரிய நுரையீரலும் தரும் இழுவை அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டு மிச்சமும் வைக்கும். பாரிஸில் ஆண்கள் ஒற்றையரில் தங்கம் வாங்கிய ஜெர்மனியின் ஒலிவர் ஸைட்லர் 2.03 மீட்டர் உயரம். பக்கத்து லேனில் ஐந்தடி எட்டங்குல ஆள் ஒருவர் எவ்வளவு நல்ல டெக்னிக்கோடு வந்தாலும், ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவதைத் தவிர்க்க முடியாது. இரண்டு கிலோமீட்டருக்கு இருநூறு சொச்சம் இழுப்பு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொண்டுதான் 1974இல் உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு லைட்வெயிட் பிரிவைக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு 1985இல். ஒலிம்பிக்கில் நுழைந்தது 1996 அட்லாண்டாவில். உயரமும் எடையும் குறைந்த மக்கள் உள்ள நாடுகளும் படகில் ஏறட்டும் என்பதுதான் நோக்கம்.

சரி, ஏறினார்களா?

இங்கேதான் டோக்கியோ ஹீட்ஸுக்கு வர வேண்டும். 2021 ஜூலை 24. அன்றைக்கு மீராபாய் சானு பளுதூக்குதலில் வெள்ளி வாங்கினார். நாடே அந்தக் கொண்டாட்டத்தில் இருந்தது, இருக்கவும் வேண்டும். அதே நாள் சீ ஃபாரஸ்ட் வாட்டர்வேயில் ராணுவத்தைச் சேர்ந்த அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இருவரும் லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸ் ஹீட்ஸில் இறங்கினார்கள். அர்ஜுன் ராஜஸ்தான்காரர், அரவிந்த் உத்தரப் பிரதேசம். கடல் இல்லாத இரண்டு மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள். ஹீட்ஸில் ஐந்தாவது இடம், 6:40.33. முதல் இரண்டு படகுகளுக்கு நேராக அரையிறுதி, மற்றவர்களுக்கு ரெபசாஜ்.

ரெபசாஜ் என்பது தோற்றவர்களுக்கு ரோயிங் தரும் இரண்டாவது வாய்ப்பு. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு தப்பு ஸ்டார்ட் அடித்தால் நான்கு வருட உழைப்பு போச்சு. இங்கே அப்படி இல்லை. மறுநாள் ரெபசாஜில் நம்மவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். மூன்று பேருக்கு இடம் இருந்தது, உள்ளே போனார்கள். நேரம் 6:51.36.

ஹீட்ஸில் 6:40க்கு ஐந்தாவது, ரெபசாஜில் 6:51க்கு மூன்றாவது, அப்புறம் ஜூலை 28 அரையிறுதியில் 6:24.41 ஓட்டி ஆறாவது. சோர்ந்துபோய் மெதுவாக ஓட்டியபோது ஜெயித்தார்கள், வேகமாக ஓட்டியபோது தோற்றார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். எல்லாம் காற்றுதான். எதிர்க்காற்று அடித்தால் எல்லாப் படகுக்கும் நேரம் கூடும், பின்காற்று தள்ளினால் எல்லோருக்கும் குறையும். அதனால் ரோயிங்கில் நேற்றைய நேரத்தை இன்றைய நேரத்தோடு ஒப்பிடவே கூடாது. பக்கத்து லேனை மட்டும்தான் பார்க்க வேண்டும். அந்த வாரம் புயல் வருகிறது என்று அட்டவணையையே மாற்றினார்கள். அதே அரையிறுதிக் கட்டத்தில் அயர்லாந்துப் படகு 6:05.33 ஓட்டி உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் பதிவு செய்தது. நம் படகுக்கும் அதற்கும் 19 விநாடி. அந்த வேகத்தில் 19 விநாடி என்பது ஏறத்தாழ நூறு மீட்டர் தூரம். இதை மறைத்து எழுதுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இடைவெளி பெரியது.

ஆனாலும் கடைசியில் 7 முதல் 12 வரையிலான இடங்களுக்கு நடக்கும் பி இறுதிப் போட்டியில் ஐந்தாவது, மொத்தத்தில் 11ஆவது இடம். ஒலிம்பிக் ரோயிங்கில் அதுவரை இந்தியா பிடித்ததில் மிகச் சிறந்த இடம் அது. 2016 ரியோவில் ஒற்றையர் பொதுப் பிரிவில் தத்து போகனல் 13ஆவது வந்ததும் பெரிய விஷயம்தான். அவர் நல்ல உயரம். பாரிஸில் அதே பிரிவில் பல்ராஜ் பன்வார் 23ஆவது. லைட்வெயிட் இருந்தபோது முதல் பன்னிரண்டுக்குள் ஒரு இந்தியப் படகு நின்றது. அதே அர்ஜுன், அரவிந்த் ஜோடி 2023 செப்டம்பர் 24 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியது. தங்கம் வாங்கிய சீனப் படகுக்கு ஐந்து விநாடி பின்னால்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதையும் பேசலாம். முதல் வாதம்: சின்ன உடம்புக்காரர்களுக்கு என்று சொன்னீர்கள், பதக்கம் எல்லாம் ஐரோப்பாவுக்குத்தானே போனது? பெரும்பாலும் உண்மை. பாரிஸில் ஆண்களில் அயர்லாந்து, இத்தாலி, கிரீஸ். பெண்களில் பிரிட்டன், ருமேனியா, கிரீஸ். ஆசியாவில் சீனப் பெண்கள் 2012இல் வெள்ளியும் 2016இல் வெண்கலமும் வாங்கினார்கள். பணமும் ஏரியும் பயிற்சியாளரும் இருக்கிற நாடு எந்தப் பிரிவு வைத்தாலும் ஜெயிக்கும். ஆனால் பதக்க மேடையை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது சரியில்லை என்பேன். அயர்லாந்து என்ன ரோயிங் பேரரசா? ஓ'டோனவன் தெற்குக் கோடியில் ஸ்கிபரீன் என்ற சின்ன ஊரின் கிளப்பில் வளர்ந்தவர். 2016இல் அண்ணன் கேரியோடு வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் ரோயிங்கில் அயர்லாந்துக்கு அதுதான் முதல் பதக்கம். அப்புறம்தான் அந்த நாட்டு மற்றப் படகுகளும் பதக்கம் வாங்கத் தொடங்கின. கதவு திறந்தால் இப்படித்தான் நடக்கும்.

இன்னொன்று, ஆள் அளவு ஒன்றாக இருந்தால் போட்டி எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பதற்கு டோக்கியோ பெண்கள் இறுதிப்போட்டியைப் பாருங்கள். இத்தாலி 6:47.54, பிரான்ஸ் 6:47.68, நெதர்லாந்து 6:48.03, பிரிட்டன் 6:48.04. நான்கு படகும் அரை விநாடிக்குள். வெண்கலத்துக்கும் வெறுங்கைக்கும் 0.01 விநாடி. படகின் மூக்கில் ஒரு சின்ன ரப்பர் பந்து இருக்கும், அது கோட்டைத் தொடுவதைத்தான் கேமரா கணக்கில் எடுக்கும். அந்த வேகத்தில் 0.01 விநாடி என்பது ஐந்து சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி நீளம். அந்தத் தீப்பெட்டியைத் தவறவிட்ட கிரெய்க்கும் கிராண்டும்தான் மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் கடைசித் தங்கத்தை வாங்கினார்கள்.

இரண்டாவது வாதம் எடைக் குறைப்பு. இதில் நான் கொஞ்சம் பின்வாங்கத்தான் வேண்டும். 2018 ஆசிய விளையாட்டில், பாலெம்பாங்கில், லைட்வெயிட் ஒற்றையரில் துஷ்யந்த் சௌகான் வெண்கலம் வாங்கினார். போட்டி முடிந்ததும் சுருண்டு விழுந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். இந்தோனேசிய வெயில், உடம்பு சரியில்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. பட்டினி கிடந்து, வியர்த்துத் தண்ணீரை இறக்கி, தராசுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் உப்பும் சர்க்கரையும் குடித்துவிட்டு உயிரைக் கொடுத்து இழுப்பதை வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயல்பாகவே 78 கிலோ இருக்கிற ஐரோப்பியர் வதங்கி 72க்கு வருவதால்தான், இயல்பாக 68 இருக்கிற ஆள் அங்கேயும் சின்ன ஆளாகிவிடுகிறார். விதியில் ஓட்டை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டியதுதானே, பானையையே போட்டு உடைப்பார்களா? கடைசி லைட்வெயிட் போட்டி நடந்து சரியாக ஐந்து நாள் கழித்து, அதே பாரிஸில், 50 கிலோ மல்யுத்த இறுதிப்போட்டிக்கு முன் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்தார் என்று வெளியேற்றினார்கள். ராத்திரி முழுக்க அவர் என்ன பாடுபட்டார் என்று நாம் எல்லோரும் படித்தோம், கொதித்தோம். அதற்காக மல்யுத்தத்தில் எடைப் பிரிவையே எடுத்துவிடுங்கள், 50 கிலோவும் 76 கிலோவும் மோதட்டும் என்று ஒருவராவது சொன்னோமா? மீராபாயின் வெள்ளி 49 கிலோ பிரிவில் வந்தது. நூறு கிலோ பெண்ணோடு போட்டி போட்டுக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. எடைப் பிரிவு என்றால் சண்டை விளையாட்டுக்கும் பளுதூக்குதலுக்கும் மட்டும் என்று ஒலிம்பிக் கமிட்டி கோடு போட்டது. அந்தக் கோடு அங்கே ஏன் நிற்கிறது என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. வீரர்கள் எண்ணிக்கையைக் குறைக்கணும், புது விளையாட்டுக்கு இடம் ஒதுக்கணும். அதுதான் விஷயம் என்பது என் கணிப்பு. ஆண்களின் லைட்வெயிட் நால்வர் பிரிவு ரியோவோடு போனபோது, அந்த இடம் பெண்கள் நால்வருக்குப் போனது. ஆண் பெண் சமமாக ஏழேழு போட்டி ஆனது. அதில் எனக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. இந்த முறை போனது ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து.

பீச் ஸ்பிரிண்ட் பற்றி முறைப்பாக இருக்க நினைத்தேன், முடியவில்லை. மணலில் ஓடி, படகில் தாவி ஏறி, அலையை வெட்டிக்கொண்டு 250 மீட்டர் போய், மிதவைகளைச் சுற்றித் திரும்பி வந்து, குதித்து மறுபடி மணலில் ஓட வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நேராக, ஆறு லேன் போட அசையாத தண்ணீர் வேண்டும் என்ற செலவும் இல்லை. நம்மிடம் ஏரி கொஞ்சம், கடல் நிறைய. பிறந்ததிலிருந்து அலையோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் குஜராத்திலிருந்து வங்காளம் வரை இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் எடைப் பிரிவு கிடையாது. மணலில் ஓடுவதும் அலையில் திரும்புவதும் சின்ன உடம்புக்குச் சாதகமா, இல்லை 250 மீட்டரில் முரட்டு பலம்தான் பேசுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

புனேயில் ராணுவப் பயிற்சி மையத்தில் இப்போதும் 70 கிலோப் பையன்கள் எர்கோமீட்டரில் (துடுப்பு இழுக்கும் பயிற்சி இயந்திரம்) உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்கிறார்கள்? பத்து கிலோ ஏற்று என்றா, கடற்கரைக்குப் போ என்றா, ஆசிய அளவோடு நிறுத்திக்கொள் என்றா? ரோயிங் வட்டாரத்தில் யாராவது இதைப் படித்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். அப்படியே, பீச் ஸ்பிரிண்ட் படகு நம் கடற்கரையில் எங்கேயாவது பயிற்சிக்கு வந்திருக்கிறதா என்றும் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வருவேன்.