ஏன் என்று கேட்டால் அடிமையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை உங்களில் பலரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். அதனால் யார் பேசினார், யார் கைதட்டினார், ஒலிவாங்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையெல்லாம் நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. "பகுத்தறிவு என்பது ஐரோப்பியன் நம் கழுத்தில் மாட்டிவிட்டுப் போன நுகத்தடி" என்று நண்பர் ஒருவர் மேடையில் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கு விழுந்த கைதட்டலைப் பற்றியும் பேச வேண்டும். நான் கேள்வி கேட்க எழுந்தபோது "மெக்காலேயின் பேரன் வந்துவிட்டார்" என்று, அதாவது ஆங்கிலக் கல்வியை இங்கே புகுத்திய வெள்ளைக்காரனின் வாரிசு என்று, பின்வரிசையிலிருந்து கேட்ட குரலைப் பற்றி... வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் கேட்க நினைத்தது சின்னக் கேள்விதான். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பகுத்தறிவு பகுத்தறிவு என்று பேசியவர்கள் அரசாங்கத்திடம் கடைசியில் கேட்டது என்ன? தடித்தடியான தத்துவ நூல்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் கேட்டது ஒன்றே ஒன்று: ஆணையிடுகிறாய் அல்லவா, காரணத்தைச் சொல். பிரெஞ்சு மன்னர்களின் ஆணைகள் "ஏனெனில் இதுவே எமது விருப்பம்" என்று முடியும். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. மன்னரின் முத்திரையிட்ட கடிதம் ஒன்று இருந்தால் போதும், ஒருவரை விசாரணையே இல்லாமல் சிறையில் தள்ளலாம். எதற்காக என்பது உள்ளே போகிறவருக்கே தெரிய வேண்டியதில்லை. ஆள்பவனின் விருப்பம் போதாது, காரணம் வேண்டும். அதுவும் எல்லோரும் படித்துப் பார்க்கிற மாதிரி வேண்டும். அந்த 18ஆம் நூற்றாண்டை அறிவொளிக் காலம் என்கிறார்களே, அது நவீன அரசுக்குக் கொடுத்தது இதுதான். இந்தப் பதிவு முழுக்க இதையேதான் சொல்லப் போகிறேன். சலிப்புத் தட்டினால் இப்போதே போய்விடலாம்.

பிரான்சின் துலூஸ் நகரத்தில் ழான் காலா என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊரில் புராட்டஸ்டன்ட் குடும்பம். 1761 அக்டோபர் 13 இரவு அவருடைய மூத்த மகன் கடையின் கீழ்த்தளத்தில் பிணமாகக் கிடந்தான். கத்தோலிக்கனாக மாறவிருந்த மகனைத் தகப்பனே கொன்றுவிட்டான் என்று வதந்தி கிளம்பியது. ஊர் அதை நம்ப விரும்பியது, நம்பியது. 1762 மார்ச் 10 அன்று, அறுபதைக் கடந்த அந்த மனிதரைச் சித்திரவதை செய்து, சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கினார்கள். கடைசிவரை தான் கொல்லவில்லை என்றே சொன்னார். நீதிமன்றம் எதை வைத்து அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தது? யாருக்கும் தெரியாது. அன்றைய பிரெஞ்சு உயர்நீதிமன்றங்களுக்குத் தீர்ப்பில் காரணம் எழுதும் வழக்கமே இல்லை. விசாரணையும் மூடிய கதவுக்குப் பின்னால்தான். காலாவின் மனைவி பாரிசுக்குப் போய் முறையிட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் அந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் கேட்கும்படி கத்தினார். 1763 மார்ச்சில் அரசவை துலூஸ் நீதிமன்றத்திடம் வழக்கு ஆவணங்களை அனுப்பச் சொன்னது. 1765 மார்ச் 9 அன்று காலா நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். செத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

இதற்கு நடுவில்தான், 1764இல், இத்தாலியின் மிலானைச் சேர்ந்த 26 வயது பெக்காரியா தண்டனைகளைப் பற்றிய தன் சிறிய நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். சித்திரவதையால் உண்மை வருமா, வலி தாங்கும் உடம்பு தப்பித்துக்கொள்ளும் என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். 1786இல் இத்தாலியின் டஸ்கனி அரசு மரண தண்டனையையே ஒழித்தது. 1790 ஆகஸ்டில், பிரெஞ்சுப் புரட்சிக்கு அடுத்த ஆண்டு, பிரான்சின் புதிய நீதித்துறைச் சட்டம், எந்தத் தீர்ப்பிலும் இன்ன உண்மைகள் நிரூபணமாயின, இன்ன காரணங்களால் முடிவு செய்தோம் என்று எழுதியாக வேண்டும் என்றது. 1810இல், காரணம் எழுதாத தீர்ப்பு செல்லவே செல்லாது என்று ஆனது. இதைத்தான் நுகத்தடி என்கிறார் நண்பர். யார் கழுத்தில் மாட்டிய நுகத்தடி ஐயா? நீதிபதியின் கழுத்தில்.

ஐரோப்பாவுக்குக் காவடி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீதிமன்றத்துக்கு 1790இல் வந்த கட்டாயம், அதே பிரான்சில் சாதாரண அரசு அலுவலகங்களுக்கு 1979 ஜூலையில்தான் பொதுவான சட்டமாக வந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். தத்துவம் பிறந்த மறுநாளே அரசாங்கங்கள் திருந்திவிட்டன என்று நான் எங்கும் சொல்லவில்லை. சுவீடன் மட்டும் 1766இலேயே அரசு ஆவணங்களை யாரும் படிக்கலாம், அச்சிடலாம் என்று சட்டம் போட்டது. அதற்காக முன்நின்று வாதாடிய ஆண்டர்ஸ் சிடேனியஸ் ஒரு பாதிரியார். பகுத்தறிவு என்றதும் நாத்திகப் பட்டம் கட்ட ஓடி வருகிறவர்கள் கவனிக்கவும்.

சரி, என் அத்தை கதைக்கு வருகிறேன். பழைய நண்பர்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அத்தை விண்ணப்பித்தார். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. மேல் மூலையில் குண்டூசி குத்திய ஒரு துண்டுத்தாள், ஊதா நிற முத்திரை, அதன் மேல் பேனாவால் "பரிசீலிக்க இயலாது" என்று இரண்டே சொற்கள், கீழே யாருடையதென்று தெரியாத ஒரு சுருக்கொப்பம். நேரில் போய்க் கேட்டால் "அதில்தான் எழுதியிருக்கிறதே அம்மா" என்றார்களாம். அத்தை என்னிடம் கேட்டது பணத்தை அல்ல. "கிடைக்காவிட்டால் போகட்டும் ராசா. ஏன் இல்லை என்று மட்டும் கேட்டு வா" என்றார்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், நான்காம் பிரிவுக்குள், பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிப் போகிற ஓர் உட்பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. 1790இன் பேத்தி என்று அதைச் சொல்லலாம். பதில் வந்தது. மாமாவின் பணிப்பதிவேட்டில் முன்னெழுத்து ஒன்று, குடும்ப அட்டையில் வேறொன்று. இவ்வளவுதான்! ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் தீர்ந்துபோனது. காரணம் தெரியாதவரை அது விதி, தெரிந்த அன்று அது எழுத்துப்பிழை. அத்தை வால்தேரைப் படித்தவர் இல்லை. பகுத்தறிவு நுகத்தடியா விடுதலையா என்று அவரிடம் போய்க் கேளுங்கள். காபி கொடுத்துவிட்டுப் பதில் சொல்வார்.

இப்போது வரிசையில் நிற்கிற மறுப்புகள். "பிரெஞ்சுப் புரட்சியில் பகுத்தறிவு ஆட்சிக்கு வந்ததும் தலை வெட்டும் கில்லட்டின்தானே வந்தது?" இதைச் சொல்லாதவர் இல்லை. 1793 நவம்பரில் பாரிசின் நோத்ருதாம் பேராலயத்தைப் பகுத்தறிவின் கோயிலாக்கி, ஒரு பெண்ணைப் பகுத்தறிவு அம்மனாக உட்கார வைத்துத் திருவிழா எடுத்தார்கள் என்பது உண்மை. சிரிப்பாகத்தான் இருக்கிறது. வாரத்துக்குப் பத்து நாள் என்று நாட்காட்டியை மாற்றி, உழைப்பாளியின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் தலைகள் எப்படி உருண்டன என்று பாருங்கள். 1794 ஜூன் 10ஆம் தேதிச் சட்டம், புரட்சித் தீர்ப்பாயத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது என்றது. சாட்சிகளை விசாரிக்காமலே முடிக்கலாம் என்றது. தண்டனை ஒன்றுதான், மரணம். அடுத்த ஏழு வாரங்களில் பாரிசில் மட்டும் 1,300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அங்கே நடந்தது காரணம் கேட்பதா, காரணத்தை ஒழிப்பதா? பகுத்தறிவு என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு பழைய மன்னரின் விருப்பத்தையே மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த அரசிடம் ஏன் என்று கேட்டவர்கள் என்ன ஆனார்கள்? பெண்களுக்கும் உரிமை உண்டா இல்லையா என்று 1791இல் கேட்ட எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ் 1793 நவம்பர் 3 அன்று வெட்டப்பட்டார். பெண்களுக்குக் குடியுரிமை, கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை என்று எழுதிய தத்துவவாதி கொந்தோர்சே 1794 மார்ச்சில் சிறையில் செத்துக் கிடந்தார். அவர்களைக் கொன்றவர்களை மட்டும் பகுத்தறிவின் வாரிசாக்கி, இவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது என்ன நியாயம்?

"காலனியம்?" ஆம், காலனியம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் அடிமை வணிக நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தார். சுதந்திரத்தைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளம் வாங்கியவர். நாகரிகம் அடையாத மக்களுக்குச் சர்வாதிகாரமே பொருத்தம் என்று 1859இல் அச்சில் எழுதினார். தெரியும். எனக்கு இது தெரியாதென்று நினைத்தா அந்தக் கூட்டத்தில் எனக்குப் பாடம் நடத்தினீர்கள்? தன் வீட்டில் காரணம் சொல்லி ஆட்சி செய்தவன் நம் வீட்டில் காரணம் சொல்ல மறுத்தான் என்பதே என் குற்றச்சாட்டும். கரும்புத் தோட்டத்து அடிமைகள் 1791இல் இன்றைய ஹெய்தியில், அன்று அது பிரான்சின் காலனி, எழுந்தபோது உரிமைப் பேச்செல்லாம் வெள்ளையனுடையது, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. மனிதர் எல்லோரும் சமம் என்றால் நாங்கள் யார் என்று பாரிசையே கேட்டார்கள். 1794இல் அடிமை முறை ஒழிந்தது. 1802இல் நெப்போலியன் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தார். அவருடைய படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று தனி நாடானார்கள். அவர்களையும் மெக்காலேயின் பேரர்கள் என்பீர்களா?

"நமக்கு இது புதிதா, கண்ணகி கேட்காததா?" என்கிறார்கள் இன்னும் சிலர். இந்த மறுப்பு எனக்குப் பிடிக்கும். கண்ணகி கேட்டாள், பாண்டியனும் பதில் சொல்ல முடியாமல் அரியணையிலிருந்து விழுந்து உயிரை விட்டான். நம் கற்பனையில் அரசனுக்கு அந்த மானம் இருந்தது, மகிழ்ச்சி. ஆனால் கோவலன் தலை போன பிறகுதானே கேட்க முடிந்தது? கேட்க ஒரு கண்ணகி வர வேண்டியிருந்ததே! மதுரை எரிய வேண்டியிருந்ததே! தீர்ப்பு எழுதுகிற மேசையிலேயே, யாரும் வந்து சிலம்பை உடைப்பதற்கு முன்பே, காரணத்தை எழுது என்கிற சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணகிக்குத் தெரிந்திருக்கும். மேடையில் பேசுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

தெரியாது, ஏனென்றால் தேவைப்படவில்லை. "காரணம் கேட்பது மேலைநாட்டு வியாதி, நம் மரபு உறவாலும் நம்பிக்கையாலும் ஆனது" என்று அழகாகப் பேசுகிறவர்களுக்கு எந்த அலுவலகத்திலும் ஓர் உறவு இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் கோப்பு நகரும். யாரையும் தெரியாதவர்களுக்குத்தான் காகிதத்தில் எழுதிய காரணம் வேண்டும்.

மெக்காலேயின் பேரன் என்று சிரித்தீர்கள் அல்லவா? என் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்தில், செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர். ஒருமுறை அபராதம் போட்டார்கள். எதற்கு என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்குத் தனியாக ஓர் அபராதம். அந்தச் சபை முழுக்க உறவும் மரபும்தான், ஓர் ஐரோப்பியன்கூட இல்லை. உங்கள் தாத்தாக்கள் அதே சபையில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. 1880களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்ற நாத்திகர் அமைப்பினர் ஐரோப்பிய நாத்திகர்களைப் படித்துத் "தத்துவ விவேசினி" இதழை நடத்தியபோதும் இதே ஏச்சை வாங்கியிருப்பார்கள். கடவுளையும் சாதியையும் ஏன் என்று கேட்க அவர்களுக்கு வெள்ளைக்காரன் உத்தரவு தேவைப்பட்டதா? கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள், தங்கள் வீட்டுக் கேள்வியைக் கேட்டார்கள். நானும் எடுத்துக்கொள்வேன். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பின்குறிப்பு: கறுப்பின மக்களைப் பற்றி ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் எழுதிய கேவலமான வரிகளின் படத்தை உள்பெட்டியில் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு: வந்து சேர்ந்துவிட்டது, நிறுத்திக்கொள்ளலாம். அவர் எழுதியது அசிங்கம். அதைத் தனியாக எழுதுகிறேன், அப்போதும் திட்டத்தான் போகிறீர்கள்.