ரயிலுக்கு முன்பே இருந்த பல்லாவரம்
சென்னைப் புறநகரான பல்லாவரத்தைப் பற்றிய இந்தக் கட்டுரையில், 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது ஊரானது என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. ரயில் வந்து மனை விலை ஏறியது, சரி. ஆனால் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பாறையைக் குடைந்து கோயில் எடுத்தது 7ஆம் நூற்றாண்டில். இன்று அது தர்கா. 1863இல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்ததும் இங்கேதான், சரளை தோண்டிய ஒரு குழியில். எனக்கு முன் கருத்து எழுதிய ஒருவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையை வெறும் காயலான் கடை என்கிறார். போன மாதம் அங்கேதான் எங்கள் பாட்டி வீட்டுக் கதவில் இருந்த மாதிரியே, முனை தேய்ந்த பித்தளைக் கொண்டி ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. அப்புறம், பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் தொழிற்சாலையைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூடக் காணோமே?