பூண்டுப் படத்துக்குக் கீழே இருப்பதை ஏன் வெட்டுகிறீர்கள்?

இடைக்கால ஐரோப்பிய ஓவியம் என்று முகநூலில் பூண்டு அறுவடைப் படம் ஒன்று அடிக்கடி சுற்றுகிறது. தக்குயினும் சானிட்டாட்டிஸ் என்ற பழைய உடல்நல நூலின் பக்கம் அது. அழகான படம்தான், ஆளாளுக்கு இதயம் போட்டுவிட்டுப் போகிறார்கள். என் எரிச்சல் என்னவென்றால், படத்துக்கு அடியில் இருக்கும் நாலைந்து வரி லத்தீனை வெட்டிவிட்டுத்தான் பகிர்கிறார்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்த வரிகளில் இருப்பது இது. பூண்டு சூடு, வறட்சி. விஷமுறிவுக்கு உதவும், மூளைக்குக் கெடுதல், அந்தக் கெடுதலை முறிக்க வினிகரும் எண்ணெயும் சேர்க்கவும். குளிர்ச்சி உடம்புக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும், குளிர்காலத்திலும், மலைப்பகுதிகளிலும் வடக்கிலும் ஏற்றது. யாருக்கு, எப்போது, எந்த ஊரில், ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று என்ன என்று இத்தனையும் சொல்லிவிடுகிறார்கள். 'தினம் பூண்டு சாப்பிடுங்கள், எல்லா நோயும் ஓடிவிடும்' என்று காலங்காத்தாலே குடும்பக் குழுவில் வந்து விழுகிறதே, அதில் இதில் ஒன்றாவது உண்டா?

அந்த நூல் வந்த கதை இது. 11ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தின் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு பத்லான் அரபியில் எழுதியது, அதில் ஓவியம் கிடையாது, கட்டம் கட்டமாக வெறும் அட்டவணை. 13ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. அப்புறம் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இத்தாலியப் பணக்காரக் குடும்பங்கள் காசு கொடுத்துப் படம் வரைய வைத்தன. பக்கத்தின் பெரும்பகுதியை ஓவியர் எடுத்துக்கொண்டார், மருத்துவர் அடியில் ஒதுங்கினார். வெட்டும் வேலை அன்றைக்கே தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். (படத்தில் குனிந்து வேலை செய்கிறவர்கள் யாரும் அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அது வேறு கதை.)

சாப்பாடு மட்டுமல்ல, காற்று, தூக்கம், உழைப்பு, ஓய்வு, கழிவு, மனநிலை எல்லாமே அதில் மருந்துக் கணக்குதான். கோபத்துக்கும் ஒரு பக்கம் உண்டு, ஒரு பெண் தன் உடையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்கும் ஒரு நன்மை எழுதியிருக்கிறார்கள், பக்கவாதத்துக்கு நல்லதாம்!

சரி, இந்தச் சூடு, குளிர்ச்சிப் பேச்சுக்கெல்லாம் அடிப்படை, உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு திரவங்கள் சமமாக இருந்தால்தான் ஆரோக்கியம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பு, அதை நம்பி யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆனால் எந்த உணவையும் நல்லது, கெட்டது என்று மொட்டையாகச் சொல்லாத அந்த ஒழுங்கு இன்றைய 'ஹெல்த் டிப்ஸ்' ஆசாமிகளிடம் இல்லை. பாரிஸ் தேசிய நூலகத்துப் பிரதி இணையத்திலேயே இருக்கிறது. பகிர்வதென்றால் முழுப் பக்கத்தையும் பகிருங்கள்.