உப்பைத் தின்னவனுக்குத்தான் தாகம் எடுக்கும்

யாராவது கைதானால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் டைம்லைன் முழுக்க ‘உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும்’. பிடிக்காத ஒருத்தர் வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாலும் அதே வரி. இரண்டாவது முழுத் தப்பு. முதலாவது பாதித் தப்பு.

உப்பு அளவுக்கு மீறி உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைக் கிளப்பிவிடுகிறது. இதில் நீதிபதி கிடையாது, போலீஸ் கிடையாது, சாமிகூடக் கிடையாது. தின்ற உப்பே தண்ணீர்ப் பானைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. பழமொழியின் உயிர் அங்கேதான். கை உடைந்தவர் என்ன உப்பைத் தின்றார், அதற்கும் சறுக்கிய டயருக்கும் என்ன தொடர்பு? சொல்ல முடியவில்லை என்றால் அது பழமொழி இல்லை, வயிற்றெரிச்சல். அதற்கு ‘நல்லா வேணும்’ என்று நேர்மையான ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே, அதையே போடலாம்.

கைது விஷயத்தில் சிக்கல் வேறு. உப்பைத் தின்றது உறுதியான பிறகுதான் இந்த வரி நிற்கும். எஃப்ஐஆர் போட்ட அன்றைக்கே சொன்னால், தின்றானா இல்லையா என்று பார்க்காமல் வாயில் தண்ணீரை ஊற்றுகிற வேலை.

இன்னொன்று, ‘அப்பன் செஞ்ச பாவம், பிள்ளை அனுபவிக்குது’ என்ற பதிவில் இதைச் சேர்ப்பது. அப்பன் உப்பைத் தின்றால் பிள்ளைக்கா நாக்கு வறளும்? பைபிளில் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இதே வழக்கைத்தான் எடுத்துப் பேசுகிறது: பிதாக்கள் திராட்சக்காயைத் தின்ன, பிள்ளைகளின் பல் கூசிற்று என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்று. வேறு மண், அதே வாதம்.

குறள் 319ஐப் பாருங்கள். பிறர்க்கு இன்னா முற்பகல் செய்தால், தமக்கு இன்னா பிற்பகல் ‘தாமே வரும்’. அந்தத் ‘தாமே’தான் குறளின் அச்சாணி, யாரும் அனுப்ப வேண்டாம். சிலப்பதிகாரம் வஞ்சின மாலையில் கண்ணகி பாண்டிமாதேவியிடம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே முற்பகல், பிற்பகல்தான். ஆனால் அவள் தானாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை, மதுரையை எரித்தாள். ஒரே வாக்கு, குறளில் விளைவு, கண்ணகி வாயில் வஞ்சினம். பழிவாங்கப் புறப்படுகிறவர் அவளைத் துணைக்கு அழைக்கலாம், உப்பை அழைக்க முடியாது.

‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ கொஞ்சம் தள்ளி நிற்பது. விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவே ஒரு பருவம் உண்டு. பல வருஷம் கழித்துச் சாயம் வெளுக்கிற மோசடிக்கு அது கச்சிதம். ‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்பது அடுத்தவனுக்குக் குழி வெட்டும்போதே சொல்ல வேண்டியது, விழுந்த பிறகு அல்ல.

அப்புறம், ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ நன்றிக்கானது. இரண்டிலும் உப்பு இருக்கிறது என்பதற்காக, துரோகம் செய்தவனைத் திட்டும் பதிவில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குகிறார்கள். அந்த உப்பு வேறு, இந்த உப்பு வேறு.