இரண்டாம் மாதமே சீட்டு எடுத்தவர் ஏன் கடைசி வரை கட்டுகிறார்?

பன்னிரண்டு பேர் சேர்ந்த சீட்டு. ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய். வழக்கப்படி முதல் சீட்டு, அதை நடத்தும் தாச்சிக்கு. இரண்டாம் மாதக் குலுக்கலில் ஒருவருக்கு விழுகிறது. அதுவரை அவர் கட்டியது 20,000, கையில் வாங்கியது 120,000. இன்னும் பத்து மாதம் இருக்கிறது. பத்திரம் எழுதவில்லை, அடகு வைக்கவில்லை. கட்டாமல் விட்டால் யாரும் இலேசில் வாங்க முடியாது. ஆனாலும் அவர் கட்டுகிறார். கொழும்பில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் மாதாமாதம் இதுதான் நடக்கிறது. தன் இலாபத்தை மட்டும் பார்ப்பவன் மனிதன் என்று தொடங்கும் பொருளியல் பாடத்துக்கு இது உண்மையிலேயே பெரிய புதிர்.

கிளிபர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962இல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜாவாவின் ‘அரிசான்’ என்ற சீட்டைப் பார்த்தவர் அவர். கிராமத்துப் பொருளாதாரத்திலிருந்து நவீன பொருளாதாரத்துக்கு ஏறும் ஏணியில் சீட்டு நடுப்படி, வங்கிகள் வந்ததும் அது தானாக உதிர்ந்துவிடும் என்பது அவருடைய கருத்து. ஜப்பானைப் பார்த்தால் அவர் சொன்னது ஓரளவு சரி. அங்கே ‘முஜின்’ என்ற சீட்டுக் கம்பனிகள் 1951 சட்டத்தோடு வங்கிகளாக மாறின. ஆனால் காலி வீதியில் நாலடிக்கு ஒரு வங்கி வந்த பிறகும் பின்னால் இருக்கும் ஒழுங்கைகளில் சீட்டு நிற்கவில்லையே! முன்னேற்றத்தை ஒரே ஏணியாக வரைந்த படத்திலேயே பிழை இருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

எத்தியோப்பியாவில் இது ‘எக்குப்’, மெக்சிகோவில் ‘தாந்தா’, மேற்கு ஆபிரிக்காவில் ‘சுசு’, சீனாவில் ‘ஹுய்’. ஒன்றோடொன்று பெரிய தொடர்பில்லாத சமூகங்கள் ஏறக்குறைய ஒரே விதிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தன? முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆனால் ஒரு பகுதியைக் கணக்கே சொல்லிவிடும். 120,000 ரூபாய்த் தையல் மெஷின் வாங்க நினைக்கும் பன்னிரண்டு பேர் தனித்தனியாகச் சேர்த்தால் எல்லாரும் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். சீட்டில் சேர்ந்தால் சராசரிக் காத்திருப்பு ஆறரை மாதம். பதினொரு பேருக்கு முந்திக் கிடைக்கிறது, கடைசி ஆளுக்கும் பிந்தவில்லை. பெஸ்லி, கோட், லௌரி என்ற மூன்று பொருளியலாளர்கள் 1993இல் கணித முறையில் காட்டியது இதைத்தான்.

அப்படியானால் கடைசிச் சீட்டையே விரும்பிக் கேட்கும் பெண்கள் எதற்காகச் சேர்கிறார்கள்? கென்யாவின் கிபேரா குடியிருப்பை ஆராய்ந்து அண்டர்சன், பலாந்து என்ற பொருளியலாளர்கள் 2002இல் சொன்ன விடை நம்மூர்ப் பெண்களுக்குப் புதிதல்ல: கையில் இருக்கும் காசைப் புருஷன் கேட்பான், சீட்டுக்குக் கட்டிய காசைக் கேட்க முடியாது.

ஏலச்சீட்டு வேறு மாதிரி. அதில் கழிவு கூற வேண்டும், அதாவது மொத்தத்தில் எவ்வளவை விட்டுக்கொடுத்து எடுக்கத் தயார் என்று சொல்ல வேண்டும்; கூடிய கழிவு கூறியவருக்குச் சீட்டு. இருபது பேர், மாதம் 10,000, மொத்தம் 200,000 என்று வைப்போம். இரண்டாம் மாதம் அவசரக்காரர் ஒருவர் 40,000 கழிவு கூறி 160,000 எடுக்கிறார். அந்த 40,000 இருபதாகப் பிரிய, அந்த மாதம் எல்லாரும் 8,000 கட்டினால் போதும். கழிவு ஒரே சீராகக் குறைந்து இருபதாம் மாதம் பூச்சியமாகிறது என்றால் ஒவ்வொருவரும் மொத்தமாகக் கட்டுவது 181,000. அவசரக்காரருக்குக் கிடைத்தது 160,000, பொறுத்திருந்த கடைசி ஆளுக்கு 200,000. வட்டியாகப் பார்த்தால் முன்னவருக்கு மாதம் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் செலவு, பின்னவருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் வரவு. இடைவெளி, தாச்சி கழிவில்லாமல் எடுக்கும் முதல் சீட்டுக்குள் போகிறது. கழிவு கூறுவதற்கு முன்னர் இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பாருங்கள். மூன்றாம், நாலாம் மாதத்தில் 60,000, 70,000 என்று போட்டிக்குக் கூறுபவர், காசு தேவைப்பட்ட மாதத்தில் தன் வருமானத்தையே விற்கிறார்.

சரி, எடுத்தவர் ஏன் கட்டுகிறார்? வெட்கத்துக்குப் பயந்து என்பார்கள். அது பாதிதான். இந்தச் சீட்டு முடிய அடுத்தது தொடங்கும், பிள்ளையின் பள்ளி அனுமதிக்கும் மகளின் கலியாணத்துக்கும் அதுதான் வேண்டும். இன்றைக்கு 100,000 ரூபாயை விழுங்கினால் வரப்போகும் சீட்டெல்லாம் போய்விடும். வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் அக்காவுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது, வங்கியில் கடன் கேட்டால் முதல் கேள்வியே அதுதான். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான கடன் தகவல் பணியகத்திலும் அவருடைய பத்து வருட நாணயம் பதிவாகாது. ஒழுங்கையில் இருக்கும் பதினொரு பேருக்கு அது மனப்பாடம். அறிவு என்றால் இதுவும் அறிவுதான். இதைப் படிப்பறிவில்லாதவர் பழக்கம் என்று ஒதுக்குபவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

அதே கோபம் சீட்டைக் கெடுக்கும் தாச்சிமார் மீதும் உண்டு. பெரும்பாலும் சீட்டு உடைவது, எடுத்தவர் ஓடியதால் அல்ல. இருபது பேருக்குப் பதினைந்து பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் மிச்ச ஐந்தையும் இல்லாத பெயர்களில் தாச்சியே போட்டுக்கொள்வார். தன்னுடையதோடு மாதம் 60,000 அவர் கட்ட வேண்டும். அதற்காக அந்தப் பெயர்களில் தொடக்க மாதங்களிலேயே சீட்டை எடுப்பார், ஏழாம் மாதம் இரண்டாவது சீட்டுத் தொடங்கி முதலாவதை அடைப்பார். பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே சேரும்போதே அத்தனை பேரின் முகத்தையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு மேல் போனால் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது குறைந்துவிடும், சீட்டின் பலமே அதுதான்.

பலர் கவனிக்காத ஒன்று: பன்னிரண்டு பேர்ச் சீட்டில் தாச்சி முதல் மாதம் எடுக்கும் 120,000இல் அவருடைய பங்கு போக 110,000 மற்றவர்களின் காசு. இரண்டாம் மாதம் எடுத்தவர் அன்றோடு நிறுத்தினால் வரும் பள்ளம் 100,000. அதாவது முதல் சீட்டைத் தொடாமல் வங்கியில் வைத்திருந்தால் ஒருவர் தவறுவதை அது முழுக்கத் தாங்கும். அதைத் தாச்சியின் கூலி என்று நினைத்து நகை வாங்குவதால்தான் ஒரே ஆள் தவறினாலும் சீட்டு விழுகிறது. இப்படித் தொடக்கத்திலேயே எடுத்த இரண்டு பேர் தவறினால் அது தாங்காது, அதனால்தான் ஒரே வீட்டுக்கு இரண்டு சீட்டுக் கொடுக்கக் கூடாது. புதிதாக வந்தவருக்குக் கடைசி மாதங்கள், அவசரம் என்றால் ஏற்கெனவே கட்டி முடித்த ஒருவர் பிணை நிற்க வேண்டும்.

காலமும் முக்கியம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த மாதம் கடைசிச் சீட்டாக 120,000 எடுத்தவரால், ஒரு வருடம் முன்னர் ஏறக்குறைய 70,700 ரூபாய்க்கு வாங்கிய சாமானைத்தான் வாங்க முடிந்தது. விலைகள் ஓடும் காலத்தில் ஆறு மாதத்துக்கு மேல் சீட்டு வேண்டாம்.

கொப்பி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு சீஆர் கொப்பி, ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம்: பெயர், கட்டிய திகதி, தொகை, கையெழுத்து, அடியில் எடுத்தவரின் கையெழுத்தோடு இரண்டு சாட்சி. அன்றைக்கே படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வங்கியில் போடுபவர்கள் சிலிப்பையும் அங்கேயே போடட்டும், தாச்சிக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். சம்பளம் 25ஆம் திகதி என்றால் குலுக்கலை 28க்கு வையுங்கள். பத்தாம் திகதிக்கு வைத்தால் அதற்குள் காசு செலவாகிவிடும். நாட்கூலிக்காரருக்கு மாதச் சீட்டே சரிவராது, வாரம் 1,000 கட்டுவது அவர்களுக்குச் சுகம்.

யாராவது ஒருவர் தவறினால் தாச்சி மறைக்காமல் அந்த வாரத்துக்குள்ளேயே எல்லாருக்கும் சொல்லி, வைத்திருக்கும் முதல் சீட்டுக் காசிலிருந்து அந்த மாதத்தை நிரப்ப வேண்டும். தவறியவரின் கட்டுக்காசை 5,000 ஆக்கி, சீட்டு முடிந்த பிறகும் மிச்சத்தைக் கட்டச் சொல்லுங்கள். வாசலில் நின்று சத்தம் போட்டால் அவர் வீடு மாறிவிடுவார், 5,000 என்றால் பெரும்பாலும் கொண்டுவந்து தருவார்.